கார் சாவிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடும் நாய், ஐந்து மணி நேரப் பயணத்துக்கு எப்படித் தயார் செய்வது?

ஜன்னலோரம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஜிம்மிக்கு இரண்டு வயது ஆகப்போகிறது, கலப்பினம், 18 கிலோ. வீட்டில் அவனைப் போல சாது கிடையாது, குளிப்பாட்டினாலும் நகம் வெட்டினாலும் பேசாமல் நிற்பான். கார் மட்டும் ஆகவே ஆகாது. சாவியை ஆணியிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்வான். பின் சீட்டில் தூக்கி ஏற்றினால் நடுக்கம், மூச்சிரைப்பு. வண்டி கிளம்பியதும் உதட்டை நக்கிக்கொண்டே இருப்பான், கொட்டாவி மேல் கொட்டாவி விடுவான், வாயோரம் எச்சில் நூல் நூலாக இறங்கி சீட் நனைந்துவிடும், நாலு திருப்பம் திரும்புவதற்குள் வாந்தி. குட்டியாக இருந்தபோதும் வாந்தி எடுத்திருக்கிறான், ஆனால் அப்போதெல்லாம் ஒளிந்துகொள்ள மாட்டான், கதவைத் திறந்தால் தானாகவே ஏறுவான்.

அடுத்த மாதக் கடைசியில் வீடு மாறுகிறோம். காரில் ஐந்து மணி நேரமாவது ஆகும், அவனை யாரிடமும் விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். தூக்க மாத்திரை கொடு என்கிறார் ஒருவர், முந்தின நாளிலிருந்து பட்டினி போடு என்கிறார் இன்னொருவர், தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்ட விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மூன்றாமவர். இதில் எது உண்மையிலேயே வேலை செய்யும்? இருக்கிற நாட்களில் என்ன செய்யலாம்?

நாலுகால்:

அவனுக்கு இருப்பது வயிற்றுப் பிரச்சினையா, பயமா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால் இரண்டும் இருக்கிறது, வயிறு முன்னால் வந்திருக்கிறது, பயம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. குட்டிகளுக்கு உள்காதில் சமநிலையைக் கவனிக்கும் பகுதி முழுதாக முதிர்ந்திருக்காது, அதனால் வண்டியில் குமட்டல் வருவது சகஜம், பல நாய்களுக்கு ஒரு வயதை ஒட்டி அது தானாகவே குறைந்துவிடும். ஆனால் அதற்குள் "கார் என்றால் வயிற்றைப் பிரட்டும்" என்று மனதில் பதிந்துவிட்டால், காது சரியான பிறகும் பயம் போகாது, பயந்தால் குமட்டும், குமட்டினால் இன்னும் பயப்படும், இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

எச்சில், மூச்சிரைப்பு, கொட்டாவி எல்லாம் பயத்திலும் வரும் குமட்டலிலும் வரும், அதை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எப்போது ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். நிற்கிற வண்டியிலேயே நடுங்கினால் பயம். சந்தோஷமாக ஏறி, வண்டி ஓடத் தொடங்கிய பிறகு தலையைத் தொங்கப்போட்டு அடிக்கடி எச்சிலை விழுங்கினால் வயிறு. இன்னொன்று, வாந்தி எடுக்காத நாய்க்குக் குமட்டலே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், சில நாய்கள் வழி முழுக்கச் சுருண்டு படுத்திருக்கும், வீட்டுக்காரர்கள் "எவ்வளவு அமைதியாக வருகிறது பார்" என்று பெருமைப்படுவார்கள், இறங்கின பிறகு அது சாப்பாட்டைத் தொடாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வண்டியை நிறுத்தி வைத்து, இன்ஜினை அணைத்து, எல்லாக் கதவையும் திறந்துவிட்டு, அவனுக்கு உயிரான தின்பண்டம் எதையாவது சீட்டில் வையுங்கள். தின்றானா? அடுத்த நாள் இன்ஜினை மட்டும் ஓடவிட்டு வையுங்கள். எந்த இடத்தில் தின்ன மறுக்கிறானோ அங்கேதான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது.

வரிசையும் முக்கியம். மருத்துவரிடம் போய் வயிற்றுக்கு வழி பண்ணிவிட்டு அப்புறம் பழக்குங்கள். வயிற்றை அப்படியே விட்டுவிட்டுப் பழக்கினால் ஒவ்வொரு தடவையும் கடைசியில் அவனுக்குக் குமட்டும், நீங்கள் கஷ்டப்பட்டுச் சேர்த்தது அத்தனையும் அங்கேயே போய்விடும்.

சோம்பேறி:

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா. தினமும் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போங்கள், அழுதாலும் கண்டுகொள்ளாதீர்கள், தடவிக் கொடுத்தால் இன்னும் அதிகமாகும். எங்கள் நாய் அப்படித்தான் பழகியது.

வெள்ளைப்பூனை:

சோம்பேறி, உங்கள் நாய்க்கு லேசான தயக்கம் இருந்திருக்கும், அது பழகியதில் ஆச்சரியமில்லை. சாவிச் சத்தத்துக்கே ஒளிகிற நாயைத் தினமும் இழுத்து ஏற்றினால் பயம் முற்றும், நாளைக்குத் தூக்க வருகிற கையைக் கடிக்கவும் செய்யும். அப்புறம் அந்தத் தடவிக் கொடுக்கக் கூடாது என்பது பழைய கதை. பயம் ஒரு உணர்ச்சி, ஆறுதல் சொன்னால் அது வளராது. தடவினால் அவனுக்கு நிம்மதியாக இருந்தால் தாராளமாகத் தடவுங்கள், கையை விலக்கினால் விட்டுவிடுங்கள். திட்டுவது மட்டும் வேண்டாம்.

ஜன்னலோரம், உங்களிடம் சில வாரங்கள் இருக்கின்றன, அது போதும், ஆனால் இன்றே ஆரம்பிக்க வேண்டும், அதோடு இந்த நாட்களில் வேறு எந்தக் காரணத்துக்காகவும் அவனைக் காரில் கொண்டுபோகாதீர்கள், மருத்துவரிடம் போவதைத் தவிர. முடிந்தால் அதற்கும் மருத்துவரை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள், பலர் வருகிறார்கள்.

சாவியில் இருந்தே தொடங்குங்கள். எங்கேயும் போகாத நேரத்தில் சாவியை எடுத்துக் குலுக்குங்கள், உடனே ஒரு துண்டு கோழி, சாவி ஆணிக்குத் திரும்பியது, அவ்வளவுதான், கதை முடிந்தது. ஒரு நாளில் அவ்வப்போது இப்படிச் செய்துகொண்டிருந்தால் சத்தம் கேட்டதும் கட்டிலை விட்டுவிட்டு உங்கள் கையைப் பார்ப்பான். அது வந்த பிறகு சாப்பாட்டுத் தட்டை வண்டிப் பக்கம் கொண்டுபோங்கள், முதலில் தூரத்தில், பிறகு டயர் ஓரம், பிறகு கதவு ஓரம். அவன் தட்டை விட்டுத் தலையைத் தூக்கி வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றால் அன்றைக்கு ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள், பின்னால் தள்ளிப் போடுங்கள்.

உள்ளே ஏற்றுவதற்கு ஒரு உபாயம் உண்டு. பின் கதவு இரண்டையும் திறந்து வைத்து, ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்கிப் போகவிடுங்கள். வெளியே போக வழி கண்ணுக்குத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். அதில் தயங்காமல் போய்வர ஆரம்பித்த பிறகு ஒரு கதவை மூடலாம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மென்று விளையாடும் பொருளைக் கொடுக்கலாம், அதற்கப்புறம் இரண்டு கதவும். இன்ஜின், அப்புறம் வண்டியின் நீளத்துக்கு முன்னே நகர்த்தி நிறுத்துவது, அப்புறம் தெருமுனை. ஒவ்வொரு தடவையும் அவன் சலிப்பதற்கு முன்பே நீங்கள் முடித்துவிட வேண்டும், இது பலருக்கும் வருவதில்லை, "இவ்வளவு நன்றாக இருக்கிறானே, இன்னும் கொஞ்சம் போகலாம்" என்று போய்த்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு எங்கே போய் நிற்கிறது என்பதும் கணக்கில் வரும். கார் ஏறினால் ஊசி என்று இருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும், மோப்பம் பிடித்துச் சுற்ற ஒரு திறந்தவெளியில் போய் இறக்குங்கள்.

பழைய வாந்தி நாற்றம் சீட்டில் இருந்தால் இது எதுவும் ஏறாது. உங்கள் மூக்குக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். செல்லப்பிராணிக் கறைக்கென்றே விற்கும் என்சைம் கலந்த திரவத்தால் துடையுங்கள், உறையை மாற்றுங்கள், கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டையைக் கழற்றி எறியுங்கள். அந்த வாசனை எனக்கே குமட்டும்.

ராத்திரிரயில்:

மாத்திரை விஷயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் அதிகம் குழப்பம்.

வாந்திக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று, தூங்க வைக்க ஒன்று என்று மூன்றும் வேறு வேறு. பயண வாந்திக்கு நாய்களுக்கென்றே வந்தது மாரோபிடன்ட், செரினியா என்ற பெயரில் பலருக்குத் தெரியும், அமெரிக்காவில் 2007ல் அனுமதி கிடைத்தது. மூளையில் வாந்தியைத் தூண்டும் சமிக்ஞையை அது தடுக்கிறது, தூங்க வைக்காது. கவனிக்க வேண்டியது அளவு. சாதாரண வாந்திக்கு ஒரு கிலோ எடைக்கு 2 மில்லிகிராம், பயண வாந்திக்கு 8 மில்லிகிராம். அதாவது நாலு மடங்கு. போன தடவை வயிறு கெட்டபோது வாங்கி மிச்சமிருக்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அதற்காக நீங்களாகவே கணக்குப் போட்டுக் கொடுக்காதீர்கள், கல்லீரல் இதயக் கோளாறு ஏதாவது இருந்தால் மருத்துவர் வேறு மாதிரி முடிவு செய்வார், "காரில் போவதற்கு" என்று சொல்லியே கேளுங்கள். கிளம்புவதற்கு குறைந்தது 2 மணி நேரம் முன்னால், ஒரு வாய் உணவோடு கொடுக்க வேண்டும், சீஸிலோ இறைச்சியிலோ இறுக்கிச் சுற்றிக் கொடுத்தால் கரைவது தாமதமாகும். வாந்தி நின்றுவிட்டது என்பதால் குமட்டலும் முழுசாக நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது, எச்சிலைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

பயத்துக்கு ட்ரசோடோன், கேபபென்டின் போன்றவற்றை மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். எது கொடுத்தாலும் பயண நாளுக்கு முன்பே வீட்டில் ஒரு ஓய்வான நாளில் ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். சில நாய்கள் தள்ளாடும், சிலது எதிர்மாறாக இருப்புக்கொள்ளாமல் சுற்றும், அதை நடுவழியில் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

உங்கள் ஆள் சொன்ன "தூக்க மாத்திரை" அசிப்ரோமசின் என்ற மயக்க மருந்தாக இருந்தால் அதை மட்டும் தனியாகக் கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். அது உடம்பைத் தளர்த்தும், பயத்தைக் குறைக்காது. நாய் பயந்துகொண்டேதான் இருக்கும், காட்ட முடியாமல் கிடக்கும், சில நாய்களுக்குச் சத்தம் இன்னும் அதிகமாக உறைக்கும். மனிதர்களுக்கான பயண மாத்திரை, சளி மாத்திரை எதுவும் கேட்காமல் கொடுக்க வேண்டாம், சிலவற்றில் மூக்கடைப்புக்கான மருந்து கலந்திருக்கும், சில திரவ மருந்துகளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும், இரண்டும் நாய்க்கு விஷம்.

ஃபெரமோன், அதாவது நாயை அமைதிப்படுத்தும் வாசனைப் பொருள், தெளிப்பானாகவும் விற்கிறார்கள், விரிப்பில் அடித்து ஒரு கால் மணி நேரம் கழித்து நாயை ஏற்ற வேண்டும். எங்கள் நாய்க்கு உதவியது, என் தங்கை நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. தீங்கில்லை, அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

கொய்யாமரம்:

இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்காக: வருடக்கணக்கில் நன்றாக வந்துகொண்டிருந்த நாய் திடீரென்று கார் ஏற மறுத்தால் அது பழக்கும் விஷயமே அல்ல. இடுப்பு மூட்டு வலிக்கும், தாவி ஏறும்போது உயிர் போகும், ஒவ்வொரு வளைவிலும் காலை ஊன்றி நிற்கும்போது இன்னும் வலிக்கும். காதில் சீழ் பிடித்தாலும் தலை சுற்றும். எங்கள் கிழவிக்கு வலி மருந்தும் ஏறுவதற்கு ஒரு சாய்பலகையும் கொடுத்ததும் பழையபடி ஏறி உட்கார ஆரம்பித்துவிட்டாள், அதுவரை எல்லோரும் "வயசாச்சு, அடம் பிடிக்குது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஜன்னலோரம்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக எதிர்பார்க்கவில்லை. சோதனை செய்து பார்த்தேன். இன்ஜின் அணைந்திருக்கும்போது முன்கால் இரண்டையும் சீட்டில் வைத்து, பின்கால் தரையிலேயே இருக்க, கழுத்தை மட்டும் நீட்டித் துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். இன்ஜினைப் போட்டதும் வாசலுக்கே வரவில்லை. மருத்துவரிடம் பேசினேன், செரினியாதான் சொன்னார், இரண்டு வாரம் காருக்குப் பழக்கிப் பார்த்துவிட்டு, பயத்துக்கான மருந்து வேண்டுமா என்று முடிவு செய்யலாம் என்றார். காது, மூட்டு எல்லாம் பார்த்தார், கோளாறு இல்லை.

பின் சீட்டா, டிக்கிப் பக்கமா, கூண்டா, எது நல்லது? எங்களுடையது பின் கதவு மேலே திறக்கும் சின்ன கார். முன் சீட்டில் என் மடியில் வைத்துக்கொண்டால் அமைதியாக இருப்பானோ என்றும் ஒரு யோசனை.

பழையடயர்:

மடி வேண்டவே வேண்டாம். முன்னால் ஏர்பேக் இருக்கிறது, அது விரியும் வேகம் ஒரு நாயைக் கொல்லப் போதும். கட்டாமல் வைத்தாலும் ஆபத்துதான், 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி நின்றால் அவன் எடையைப் போல 30 மடங்கு விசையில் முன்னால் பாய்வான், 18 கிலோ நாய் அந்த நொடியில் அரை டன் சுமை. அவனுக்கும் ஆபத்து, முன்னால் உட்கார்ந்திருப்பவர் கழுத்துக்கும் ஆபத்து.

குமட்டலை மட்டும் வைத்துப் பார்த்தால் பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற டிக்கிதான் மோசம், பேருந்தில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவருக்குத் தெரியும் அந்தக் குலுக்கல். பின் சீட்டின் நடுவில், இரண்டு அச்சுக்கும் இடையில், ஆட்டம் குறைவு. அங்கே மார்புப் பட்டை மாட்டி சீட் பெல்ட்டோடு இணையுங்கள். பட்டையை வாங்கும்போது மோதல் சோதனை செய்ததா என்று பாருங்கள், நடைக்குப் போடும் மெல்லிய பட்டை பெரிய இழுப்பில் பிய்ந்துவிடும். கழுத்துப் பட்டையில் எதையும் மாட்டாதீர்கள். அவன் உட்காரவும் படுக்கவும் முடிய வேண்டும், சீட்டுக்குக் கீழே விழுகிற அளவுக்கு நீளம் இருக்கக் கூடாது.

கூண்டுக்கு ஏற்கனவே பழகியவன் என்றால் அதுவும் நல்லதுதான், சுற்றிலும் லேசான துணி போட்டால் வெளியே ஓடும் காட்சி தெரியாது, கண் ஒன்று சொல்ல காது ஒன்று சொல்லும் குழப்பம் குறையும். காற்றுப் போக வழி விட வேண்டும். பழகாதவனுக்குப் பயணத்துக்காகப் புதிதாக ஒன்றை வாங்கி அடைத்தால் பயத்தின் மேல் பயம். உங்கள் நாட்களில் காரையும் கூண்டையும் சேர்த்துப் பழக்க நேரம் பற்றாது என்று நினைக்கிறேன், மார்புப் பட்டையோடு போங்கள், அதையும் வீட்டிலேயே இப்போதிருந்து மாட்டிப் பழக்குங்கள்.

ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள், குளிர்ந்த காற்று குமட்டலைக் கொஞ்சம் அடக்கும். தலையை வெளியே நீட்ட விடாதீர்கள், ஒரு சின்னக் கல் போதும் கண் போக.

பட்டினியும் அளவோடுதான். பெரிய சாப்பாட்டைக் கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள், மாத்திரையோடு அந்த ஒரு வாய் தவிர. முந்தின நாளிலிருந்து வெறும் வயிற்றில் வைத்தால் பித்தம் பொங்கி மஞ்சளாக வாந்தி எடுப்பான். தண்ணீரை நிறுத்த வேண்டாம், ஒரேயடியாகக் கிண்ணம் முழுக்க வைக்காமல் நிற்கும் இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

ஓட்டுபவரிடமும் பேசிவிடுங்கள், அவர் காலில்தான் பாதி இருக்கிறது. பிரேக்கை மெதுவாக மிதிப்பது, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைப்பது, சிக்னலில் முன்னே பின்னே அசைத்துக்கொண்டே இருக்காமல் நிற்பது. நாய்ப் பட்டைக்குக் காசு செலவழித்துவிட்டு வண்டியைப் பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிறுத்தும்போது ஒருவர் வண்டியிலேயே இருக்க வேண்டும். வெளியே 24 டிகிரி இருக்கிற இதமான நாளில்கூடப் பூட்டிய காருக்குள் 10 நிமிடத்தில் 34, அரை மணியில் 43 டிகிரி வரை ஏறும், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. நாய்க்கு மூச்சிரைப்புதான் முக்கியமான குளிர்விப்பு, பயத்தில் ஏற்கனவே இரைத்துக்கொண்டிருக்கும் நாய்க்கு அதுவும் சீக்கிரம் கைவிடும். தட்டை மூக்கு இனங்களுக்கு இன்னும் மோசம்.

சோம்பேறி:

சரி, ஒத்துக்கொள்கிறேன், எங்கள் நாய் சாவியைப் பார்த்தால் கதவுக்கு ஓடும் ரகம், ஒளியும் ரகம் அல்ல. ஆனால் ஒரு கேள்வி, இரண்டு வாரத்தில் தெருமுனை வரைக்கும்தான் வந்திருக்கிறான் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு என்ன செய்வது? வீடு மாறும் தேதி நாய்க்காகக் காத்திருக்காதே.

வெள்ளைப்பூனை:

நியாயமான கேள்வி. அப்படியானால் மருந்தை முழுசாக நம்பிப் போக வேண்டியதுதான், வாந்திக்கும் பயத்துக்கும் இரண்டுமே, மருத்துவரிடம் அதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருந்தோடு போன பயணத்தில் அவன் தூங்கிக்கொண்டே வந்தான் என்றால் பழக்கியது பெரிதாகக் கெடாது, மருந்தில்லாமல் ஐந்து மணி நேரம் நடுங்கிக்கொண்டு வந்தால்தான் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டி வரும். போய்ச் சேர்ந்த பிறகு கொஞ்ச நாள் காரைக் காட்டாமல் விட்டுவிட்டு, விட்ட இடத்துக்கு ஒரு படி கீழே இருந்து தொடருங்கள்.

நாலுகால்:

இன்ஜின் சத்தத்துக்கு வாசலுக்கே வராதவனுக்கு நடுவில் ஒரு படி சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவனோடு வீட்டுக்குள் இருங்கள், வேறு யாராவது வெளியே வண்டியைக் கிளப்பட்டும், சத்தம் கேட்கும்போது உள்ளே தின்பண்டம், சத்தம் நின்றால் தின்பண்டமும் நிற்கட்டும். அதற்கு அவன் காதைத் தூக்கி உங்களைப் பார்க்க ஆரம்பித்த பிறகு வாசல்.

இன்னொரு விஷயம், யாரும் சொல்லவில்லை. கழுத்து வில்லையில் இருக்கும் முகவரியைப் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள், மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லு) போட்டிருந்தால் அதில் பதிந்த போன் எண்ணையும் சரிபாருங்கள். பயந்த நாய் நடுவழியில் கதவைத் திறந்ததும் பாய்ந்துவிடும், அதனால் லீஷை மாட்டி அதன் முனையைக் கையில் பிடித்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும், வண்டியில் வருகிற குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஜன்னலோரம்:

வில்லை நினைவே இல்லை, இன்றைக்கே புதிது செய்யச் சொல்கிறேன். இன்ஜின் வேலையை நாளை காலை கணவரை வெளியே அனுப்பி ஆரம்பிக்கிறோம்.